பூ கட்டிப் பார்த்த நிலம்

சிவநேசன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே அவருடைய காரின் பின்பெட்டியில் ஒரு மண்வெட்டி ஏறிவிட்டது. ஏறியது இறங்கவே இல்லை. அதற்குத் துணையாக அளவு நாடா, மண் அள்ளி வைக்கக் காலிப் போத்தல்கள், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், கொசு மருந்து எல்லாம் வந்து சேர்ந்தன. பாசாருக்குப் போனால் மீன் வைக்க இடமில்லை. அவர் மனைவி சீதாலெட்சுமி மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, வீடு வந்து சேர வேண்டியிருந்தது. மனுஷன் நிலம் தேடுகிறார் என்பது கிள்ளான் ஊரில் தெரியாதவர் யாரும் பாக்கியில்லை.

சும்மா ஒரு நிலம் இல்லை. யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ்வதற்கான நிலம். சொந்தக் கிணறு, சொந்தக் கோழி, நாலு ஆடு, மரவள்ளி, வாழை, கீரை, கூரை மேல் சோலார். உப்பையும் தீப்பெட்டியையும் தவிர வெளியே எதையும் வாங்கக் கூடாது என்பது அவர் கணக்கு. இதெல்லாம் யூடியூப் செய்த வேலை. அதில் ஒரு வெள்ளைக்காரர் மனைவியோடு காட்டோரம் குடியேறி, தக்காளி பறித்துப் பறித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனைவியும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று சீதாலெட்சுமிக்குப் புரியவில்லை. சிவநேசனுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே தலை நரைத்தவர். நடுச்சாப்பாட்டில் போன் வரும், இயந்திரம் நின்றுவிட்டது என்று எழுந்து ஓடுவார். எவனும் கூப்பிடாத இடத்தில் உட்கார வேண்டும் என்ற ஆசை அவருக்கு அப்படித்தான் வந்திருக்கும். ஆனால் பிறந்ததும் வளர்ந்ததும் கிள்ளான் டவுன், அரசாங்கக் குவார்ட்டர்ஸ். கோழியை அவர் கிட்டத்தில் பார்த்ததெல்லாம் தட்டில்தான்.

"நமக்கு யாரும் வேணாம் சீதா. நம்ம மண்ணு, நம்ம சோறு. என்ன சொல்றே?" என்பார். என்ன சொல்கிறாள் என்று கேட்க நிற்க மாட்டார். அதற்குள் அடுத்த வீடியோ ஓடத் தொடங்கியிருக்கும்.

சீதாலெட்சுமி எஸ்டேட்டில் பிறந்தவள். விடிவதற்கு முன் எழுந்து குழாயடியில் வாளியோடு நின்றவள், ஆட்டுக்குத் தழை ஒடித்தவள், மழை நாளில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தவள். அதையெல்லாம் நினைத்து அவள் ஒருநாளும் ஏங்கியதில்லை. கிள்ளான் லிட்டில் இந்தியா கடைத்தெருவில், ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில், அவளுக்கு ஒரு தையல் கடை இருந்தது. ரவிக்கை தைப்பதில் பேர் வாங்கியவள். தூரத்து ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்துகூடக் கல்யாணப் பெண்கள் தேடி வருவார்கள். துணி கொடுக்க வருகிற பெண்கள் மாமியார் கதை, பிள்ளைகள் கதை என்று ஒரு மூட்டையை அவிழ்த்துவிட்டுத்தான் போவார்கள். அந்தச் சத்தம் இல்லாத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

ஆனாலும் அவள் மனதை உறுத்தியது நிலம் இல்லை, ஆடு இல்லை, கோழியும் இல்லை. இத்தனை மாதத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, "நீ வர்றியா?" என்று அவர் கேட்கவில்லை.

யாரைத்தான் கேட்கவில்லை! விவசாய இலாகா அதிகாரியைக் கேட்டார். வாஸ்து பார்ப்பவரைக் கேட்டார். ஜாதகம் பார்ப்பவரைக் கேட்டார். முடி வெட்டுகிறவரிடம்கூட, கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ஆட்டுக்கு எந்தப் புல் நல்லது என்று கேட்டுவிட்டு வந்தார். வீட்டில் கூடவே இருக்கிற ஒருத்தியைக் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

"நீயே சொல்லிடேன்லா அம்மா. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு," என்றாள் மகள் வாணி, போனில்.

"கேக்காத கேள்விக்கு எதுக்குடி பதில்?"

"இது என்ன பிடிவாதம்?"

பிடிவாதம்தான். சீதாலெட்சுமியின் கல்யாணத்தின்போது ஜோசியரைக் கேட்டார்கள், மாமன்களைக் கேட்டார்கள், எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியைக்கூடக் கேட்டார்கள். பெண்ணைக் கேட்கவில்லை. அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்த இடம் நல்லபடியாக அமைந்தது, அது வேறு விஷயம். ஆனால் இன்னொரு தடவை அப்படிப் பெட்டியைத் தூக்குவதாக இல்லை என்று அவள் உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டாள். கேட்டால் பார்க்கலாம். கேட்காமலே நிலத்தை வாங்கினால், அவர் அங்கே, அவள் இங்கே. இந்த வயதில் தனித்தனி வீடா என்று நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புளிசோறு கட்டிக்கொண்டு கூடப் போவாள். அவர் இறங்கி மண்ணைத் தோண்டுவார், முகர்ந்து பார்ப்பார், போத்தலில் போட்டுக் குலுக்குவார். அவள் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைப்பாள். பந்திங் போகிற வழியில் பார்த்த நிலம் மக்கிய தழை சேர்ந்த பீட் மண். காலை வைத்தால் மெத்தை போல அமுங்கியது, வெயில் காலத்தில் மண்ணே புகையுமாம். கடலோரம் பார்த்ததில் கிணற்றுத் தண்ணீர் கரித்தது. இன்னொன்று பார்க்க ஜோராக இருந்தது. சிவநேசன் வீடு எங்கே, ஆட்டுக் கொட்டகை எங்கே என்று குச்சி நட்டே விட்டார். பிறகுதான் தெரிந்தது, அது மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலம், நம்மவர்கள் வாங்கவே முடியாது என்று. நட்ட குச்சிகளைத் தாமே பிடுங்கிக்கொண்டு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அன்றும்கூட, திரும்பி வருகிற வழியில், இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

பிறகு ஒருநாள் தம்புசாமி வந்தார். நிலம் வாங்கி விற்கிற தரகர். சட்டைப் பையில் இரண்டு போன், வாயில் எப்போதும் ஒரு லவங்கம்.

"அண்ணே, இதுவரைக்கும் நீங்க பார்த்ததெல்லாம் மறந்துடுங்க. நீங்க வேலை பார்த்த தெலுக்கைத் தாண்டி உள்ள ஒரு இடம் இருக்கு. மேட்டு நிலம், நல்ல மண்ணு, கிராண்ட், பத்திரம் எல்லாம் கிளியர். நிலத்து மொதலாளி தவுக்கேயே நேரா விக்கிறாரு. நீங்க பார்த்தா விடமாட்டீங்க."

பார்த்தார், விடவில்லை. தரகர் வாயிலிருந்து உண்மை வருவது அபூர்வம், ஆனால் அன்றைக்கு வந்தது. பழைய எஸ்டேட்டின் ஒரு ஓரம் அது. வெள்ளம் ஏறாத மேடு. மண் கைக்கு உருண்டு வந்தது. சிமெண்டு வளையம் இறக்கிய கிணறு, எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற தண்ணீர். நாலைந்து ரம்புத்தான் மரங்கள், ஒரு பலா. சிவநேசன் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடி, இன்னொரு வாய் குடித்தார். ஓய்வு பெற்ற நாளில்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் பார்த்ததில்லை.

"ஒரே ஒரு விஷயம் அண்ணே," என்று தம்புசாமி தலையைச் சொறிந்தார்.

நிலத்தின் மூலையில் ஒரு பெரிய ஆலமரம். அதனடியில் தகரக் கூரை, குங்குமம் அப்பிய கல், மஞ்சள் துணி சுற்றிய சூலம். முனியாண்டி. எஸ்டேட் காலத்திலிருந்து இருக்கிறார். எஸ்டேட் போனது, ஜனங்கள் போனார்கள், அய்யா மட்டும் போகவில்லை.

"இடத்துக்குக் காவல் இவருதான். தவுக்கே சீனருதான், ஆனா அவரும் வந்து ஊதுபத்தி வெச்சிட்டுத்தான் போவாரு. அய்யாகிட்ட உத்தரவு வாங்காம யாரும் இங்க மண்வெட்டி போட்டதில்ல. பூ கட்டிப் பார்த்துடலாம். செவப்பு வந்தா வாங்குங்க. வெள்ளை வந்தா வேணாம், நானே வேற இடம் காட்டுறேன்."

இயந்திரம் பழுதானால் ஊதுபத்தி காட்டுகிற ஆட்களைப் பார்த்துச் சிரித்தவர் சிவநேசன். இப்போது சிரிக்கவில்லை. "அய்யாவுக்கு என்ன வாங்கிக்கிட்டு வரணும்?" என்று மரியாதையாகக் கேட்டார். சீதாலெட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆசை வந்துவிட்டால் மனுஷனுக்குப் பக்தியும் கூடவே வந்துவிடுகிறது.

அடுத்த ஞாயிறு தேங்காய், எலுமிச்சை, சுருட்டு, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர் எல்லாவற்றோடும் போய் இறங்கினார்கள். சிவநேசன் தலைக்குக் குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். பூவும் வாழை இலையும் சீதாலெட்சுமியின் பொறுப்பு. ஒரு துண்டு இலையில் சிவப்புச் செம்பருத்தி, ஒரு துண்டில் வெள்ளை நந்தியாவட்டை. இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அவர் காரில் வரும்போதே பலமுறை சொல்லிவிட்டார். அவள் மடித்து, தையல் நூலால் சுற்றி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். தம்புசாமி இரண்டையும் தோளில் கிடந்த துண்டுக்குள் போட்டுக் குலுக்கி, அய்யாவின் காலடியில் வைத்தார். கற்பூரம் ஏற்றினார்.

"சின்னப் பிள்ளைங்க இருந்தா எடுக்கச் சொல்லலாம். இங்க யாரும் இல்ல. அக்கா, நீங்க எடுங்க. வீட்டு மகாலட்சுமி நீங்கதானே."

மகாலட்சுமி முன்னால் வந்து குனிந்தாள்.

விரல் பட்டதும் தெரிந்துவிட்டது. காலமெல்லாம் கண்ணால் பார்க்காமலே பட்டையும் பாலியெஸ்டரையும் பிரித்துச் சொன்ன விரல்கள். செம்பருத்தியின் காம்பு நடுவில் லேசாகத் துருத்திக்கொண்டிருந்தது. மற்றது மெத்தென்று இருந்தது. இடது பக்கம் வெள்ளை, வலது பக்கம் சிவப்பு.

இடது பக்கத்தை எடுத்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம், சண்டை வேண்டாம். நாளைக் காலையில் வழக்கம்போலக் கடையைத் திறக்கலாம். பழி அய்யா மேல் போகும், அய்யாவுக்குப் பழி புதிதில்லை. அவள் விரல்கள் வெள்ளையின் மேலேயே நின்றன. ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தாள். சிவநேசன் கண்ணை இறுக மூடி, நெஞ்சருகே கை கூப்பி, உதடு அசைய நின்றிருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி இருந்தார். இந்த மனுஷனை இப்படி ஏமாற்றுவதா? சிவப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு ஆயுசுக்கும் மனதுக்குள் குமைந்துகொண்டு கிடப்பதற்கும் மனம் வரவில்லை.

கையை எடுத்துவிட்டாள்.

"என்னங்க, கண்ணைத் தொறங்க."

அவர் திறந்தார். அவள் கையில் ஒன்றும் இல்லை.

"நான் எடுக்க மாட்டேன். எது செவப்பு, எது வெள்ளைன்னு எனக்குத் தெரியுது. கட்டுனவ நான்தானே."

"ஐயோ அக்கா, அதுக்கென்னலா, நான் வேற கட்டுறேன்," என்று தம்புசாமி பாய்ந்து வந்தார்.

"கட்டுறது இருக்கட்டும் தம்பி." அவள் புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள். குரல் உயரவில்லை. "விவசாய ஆபீசரைக் கேட்டீங்க. வாஸ்துக்காரரைக் கேட்டீங்க. முடி வெட்டுறவரைக் கேட்டீங்க. இப்ப முனியாண்டி அய்யாவையும் கேக்க வந்துட்டீங்க. என்னைக் கேட்டீங்களா?"

"உன்னையா?" சிவநேசன் விழித்தார். "நீதான் எல்லா இடத்துக்கும் கூட வந்தியே!"

"கூட்டிக்கிட்டு வந்தீங்க, வந்தேன். கேட்டீங்களா? நமக்கு யாரும் வேணாம், நமக்கு யாரும் வேணாம்னு ஊரெல்லாம் சொல்றீங்க. அந்த 'நமக்கு'ல நான் இருக்கேனான்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

தம்புசாமி ஒரு போனைக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை. அப்படியே நைசாகக் கார் பக்கம் நகர்ந்துவிட்டார்.

சிவநேசன் சூலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேட்டி நுனியைச் சரி செய்தார். கற்பூரம் எரிந்து அணைந்தது. எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. அவர் நெற்றியில் வேர்வையும் திருநீறும் கலந்து வழிந்ததைப் பார்த்து, சேலைத் தலைப்பால் துடைத்துவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. துடைக்கவில்லை.

"தப்புதான்," என்றார் கடைசியில். "நீ வர்றியா சீதா?"

கேட்டுவிட்டார். அவள் திகைத்துப் போனாள். கேட்காமல் போனால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்கில் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். கேட்டால் என்ன சொல்வது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க. நான் ஒரு சுத்து பார்த்துட்டு வரேன்," என்றாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். இத்தனை இடங்கள் பார்த்ததில் அவள் காரைவிட்டு இறங்கி முழுசாக நடந்த முதல் நிலம் இதுதான். மண் குளுமையாக இருந்தது. ரம்புத்தான் மரத்தில் பிஞ்சு பிடித்திருந்தது. கிணற்றடியில் நின்று பார்த்தாள், வேலி வரை போய்ப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கிராமத்து வீடு ஒன்றின் வாசலில் ஒரு மலாய்க்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாங்கப் போகிறீர்களா என்று மலாயில் கேட்டுச் சிரித்தாள். இன்னும் தெரியவில்லை என்று இவளும் மலாயில் சொல்லிச் சிரித்தாள். நல்ல பக்கத்து வீடு, நல்ல தண்ணீர், நல்ல காற்று. வேண்டாம் என்பதற்கு ஒரு காரணத்தை நிலத்தில் தேடித் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. அப்படியும் மனம் வேண்டாம் என்றுதான் சொன்னது. அதுவரை அவர் மேல் உள்ள கோபத்தால்தான் தனக்குப் பிடிக்கவில்லையோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. இப்போது கோபம் போய்விட்டது, பதில் மட்டும் அப்படியே நின்றது.

சிவநேசன் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நல்ல எடங்க. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா நான் வரல."

அவர் முகம் வாடியது. ஆனாலும், "ஏன்?" என்று கேட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆடு, விறகு, தண்ணி, இதெல்லாம் உங்களுக்கு வீடியோ. நான் வாழ்ந்து முடிச்சிட்டு வந்தவ. எனக்குக் கடை வேணும். நாலு பொம்பளைங்க வந்து வாய் ஓயாம பேசணும். நீங்க யாரும் இல்லாத எடத்தைத் தேடுறீங்க. எனக்கு யாரும் இல்லாட்டி பைத்தியம் பிடிச்சிடும்."

அவர் ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டார்.

"இதை நீ முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க முதல்லயே கேட்டிருக்கலாமே."

அவர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு, "அப்ப நான் மட்டும் இங்க தனியா இருக்கணுமா?" என்றார். யாரும் வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷனின் குரலா அது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"முட்டை அவிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"யூடியூப்ல பார்த்துக்குவேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும், "விளையாட்டுக்குச் சொல்லல சீதா," என்றார். "நான் நினைச்சுப் பார்த்த வீட்டுல எல்லாம் நீ இருந்தே. அடுப்படியில இருந்தே, வாசல்ல இருந்தே. நீ இல்லாம இந்த மண்ணு எனக்கு எதுக்கு? விட்டுடுவோம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில் கலங்கியது என்று சொல்வதற்கில்லை, வருத்தமும் இருந்தது. விட்டுவிட்டால் இவர் என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியும் டிவியுமாக உட்கார்ந்து, ஒரே வருஷத்தில் கிழவராகிவிடுவார்.

"விடச் சொல்லி யாரு சொன்னா? இதே ரோட்டுலதானே காலமெல்லாம் வேலைக்கு வந்து போனீங்க? அதே மாதிரி காலையில வாங்க. கோழி வளர்த்துக்குங்க, கீரை போடுங்க, யாரும் கூப்பிடாம நிம்மதியா இருங்க. பொழுது சாஞ்சா வீட்டுக்கு வந்துடுங்க. சோறு கட்டித் தரேன்."

"சோத்தை வீட்டுலேருந்து கட்டிக்கிட்டு வந்தா, அப்புறம் அது என்ன சொந்தக் கால்ல நிக்கிறது?"

"ஆமா, ரொம்ப நின்னுட்டீங்க," என்றாள் அவள்.

தம்புசாமி நல்ல நேரம் பார்த்துத் திரும்பி வந்தார். "அண்ணே, உத்தரவு கேக்கணும்ல," என்று இழுத்தார். இந்தத் தடவை அவரே கட்டினார், அவரே குலுக்கினார், சிவநேசன் எடுத்தார். சிவப்பு வந்தது. சுருட்டைப் பற்றவைத்து அய்யா முன்னால் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

கிள்ளான் வரும்வரை சிவநேசன் உரத்தைப் பற்றிப் பேசவில்லை. பாலம் ஏறும்போது, பார்வையைச் சாலையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை மட்டுமாச்சும் வருவியா?"

"கேளுங்க," என்றாள் சீதாலெட்சுமி. "ஒவ்வொரு ஞாயிறும் கேளுங்க. வரணும்னு தோணுனா வரேன், இல்லாட்டி இல்லேங்கிறேன்."

அவர் தலையை ஆட்டினார். சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்தது, வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"வர்ற ஞாயிறு வர்றியா?"